வார்ட்டுக் குழாயும் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீரும்

கறுப்புக் கோட்டு கசங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்க்கச் சந்தோசம். சட்டப் புத்தகத்தில் இருப்பதை நான் சொல்லப்போவதில்லை, வாசிக்க உங்களுக்குக் கண் இருக்கிறது. கட்சிக்காரர் பொய் சொல்லி நம்மைக் கவிழ்த்துவிடுவார் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரையும் பயப்படுத்தி வைக்கிறார்கள். என்னைக் கவிழ்க்கப் பார்த்தவர்களில் பாதிப்பேர் உண்மையைத்தான் சொன்னார்கள். அதில் ஒருத்தி தெய்வானை.

எண்பதுகளின் தொடக்கம். வவுனியாவில் நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் என் சீனியரின் அலுவலகம், எங்கள் ஊர்ப் பேச்சில் கந்தோர். நான் அங்கே சேர்ந்து சில வருசங்கள்தான். கோட்டுப் போட்ட பெண்ணைப் பார்ப்பதற்கென்றே வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். நானும் விடாமல் முறைத்துப் பார்ப்பேன், அவர்களே வெட்கப்பட்டுப் போய்விடுவார்கள்.

தெய்வானையும் அவள் கணவன் காளிமுத்துவும் எழுபத்தேழு இனக்கலவர அமளியில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள். புளியங்குளத்திலிருந்து உள்ளே போகிற பாதையில் காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். காணிக்கு அனுமதி கிடையாது. பிரசாவுரிமை, அதுதான் குடியுரிமை, என்ற கதையை எடுத்தாலே காளிமுத்துவின் முகம் செத்துவிடும். கதிரையில் இருக்கச் சொன்னால் இரண்டு பேரும் நுனியில்தான் இருப்பார்கள், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல.

அவர்களுக்கு நடந்தது இதுதான். தெய்வானை முதல் பிள்ளைக்கு வயிற்றோடு இருக்கும்போது கால் வீங்கி, பிரஷர் ஏறி, ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வீட்டுக்கு விட்டால் வழியிலேயே ஏதும் நடந்துவிடும் என்று டொக்டர் அவளைப் பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்குக் கிட்ட. அது சரியான வைத்தியம், அதில் எனக்குக் குறை இல்லை. பெண் பிள்ளை பிறந்தது. வீட்டுக்குப் போகவேண்டிய நேரத்தில் தாய்க்கு நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்ட், கண்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கும் வந்தது. தாய் தலைமயிர் கொட்டி, எலும்பும் தோலுமாய்ப் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

குளத்துத் தண்ணீரைக் குடிக்கிற சனம், நோயை வரும்போதே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரிப் பக்கம் சொன்னது. குடியேற்றத்துச் சனம் சொன்னது அதைவிட மோசம். பத்தியம் காக்காமல் கண்டதையும் குடித்துப் பிள்ளையைத் தின்றுவிட்டாளாம். மாமியார் அவள் கையால் ஒரு வாய் தேத்தண்ணிகூட வாங்கிக் குடிப்பதில்லையாம். காளிமுத்து இதைச் சொல்லும்போது தெய்வானை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று நான் அவளையே கேட்டேன்.

"காசு வேணாங்கம்மா. நான் புள்ளைக்குக் கெட்டது குடுக்கலைன்னு ஒருத்தராச்சும் சொல்லணும்," என்றாள்.

நாங்கள் சட்டக்காரர். அப்படி ஒரு வாக்கியத்தை வாங்கித் தருகிற வழக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளைக்காக அழுததற்குச் சட்டம் ஒன்றும் தராது என்பதையும் அவளிடம் சொல்லவேண்டியிருந்தது. அவளுடைய உடம்புக்கு வந்த கேட்டுக்குத்தான் வழக்குப் போடலாம். காளிமுத்துவுக்கோ வேறு பயம். இந்த நாட்டு ஆள் என்று எழுத்திலே இல்லாத தாங்கள் அரசாங்கத்து மேலே கை வைத்தால், காணியையும் பிடுங்கி, ஆளையும் இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிடுவார்களோ என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காட்டிப் படு என்று சொன்ன நேரத்திலிருந்து அந்த நோயாளிக்குக் கவனம் காட்டவேண்டிய கடமை ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறது. பிரசாவுரிமை இருக்கிறதா என்று அந்தக் கடமை கேட்பதில்லை. இலவச வைத்தியம் என்பதற்காக அது பிச்சையும் இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வார்ட்டுக் குழாய்க்குத் தண்ணீர் போகிற கிணறு ஒரு பக்கம். நாலு எட்டு வைத்தால் மலக்குழி. மாரி மழையில் இரண்டும் ஒன்றாகத்தான் நிரம்பியிருக்கும். இரண்டு மாதம் வெளியே போகாதவளுக்கு நோய் கொடுத்தது இந்தத் தண்ணீர்தான் என்று என் மனம் அடித்துச் சொன்னது. ஆனால் மனம் அடித்துச் சொல்வதை எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். தண்ணீர் கெட்டது என்றும் காட்டவேண்டும், அது இவள் வயிற்றுக்குள் போனது என்றும் காட்டவேண்டும்.

இந்த இரண்டாவதில்தான் தெய்வானை என்னைக் கவிழ்த்தாள். குழாய்த் தண்ணீர் குடித்தனீங்களோ என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். ஒரே பதில்: "இல்லீங்கம்மா, புள்ள பெத்தவ பச்சத்தண்ணி குடிப்பேனா? சுடுதண்ணி தான்." பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள், கடைக்கார வீட்டு ஆள். அவளுடைய தாய் காலையும் மாலையும் பிளாஸ்க்கில் சுடுதண்ணீரும், போத்தலில் கொதித்தாறின தண்ணீரும் கொண்டுவருவாள். அந்தக் கட்டில்காரி, மகராசி, தெய்வானைக்கு ஆள் இல்லை என்று பார்த்து, பிளாஸ்க்கில் இருந்து தினமும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் எனக்கு அது தலையில் இடி. ஒரே பிளாஸ்க், இரண்டு பெண்கள். ஒருத்திக்குத் தும்மல்கூட இல்லை, ஒருத்திக்கு நெருப்புக்காய்ச்சல். அரச சட்டத்தரணி இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தாலே வழக்கு முடிந்தது.

கொஞ்சம் தொண்டை நனைக்கிற அளவுக்கு, வாய் கொப்பளிக்கிற அளவுக்காவது குடித்திருக்கலாமே என்று அவள் வாயில் ஒரு சொல்லை வைக்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆசை வருவதைத் தடுக்கமுடியாது, ஆனால் வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். எரிச்சலில் அவளைப் பார்த்து ஒரு பாட்டம் ஏசத்தான் தோன்றியது.

என் சீனியர் ஒரு யோசனை சொன்னார். அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுவதென்றால் முதலில் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். அது போய்ச் சேர்ந்த மறுநாளே அங்கே கிணறு இறைத்து, மருந்து கொட்டி, பளிங்காக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே சத்தம் போடாமல் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்து ஆள் ஒருவரை வரச்சொல்லி, வார்ட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பரிசோதித்த பிறகுதான் வாய் திறக்கவேண்டும் என்றார். நாங்களே போத்தலில் பிடித்துக் கொண்டுபோனால் அதில் எதையாவது கலந்தது நாங்கள்தான் என்பார்கள், ஆகவே முறைப்படி அது நல்ல யோசனை. ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார். ஹர்த்தால் வந்தது, வரவில்லை. பிறகு ஆனையிறவு இராணுவச் சாவடியில் பஸ்ஸை மறித்துத் திருப்பிவிட்டார்களாம், வரவில்லை. வாற கிழமை கட்டாயம், அடுத்த வாரம் தப்பாது என்று சொல்லியனுப்பினார்.

இப்படிக் காத்துக்கொண்டிருந்த ஒரு மழைநாளில் தெய்வானையும் காளிமுத்துவும் கந்தோருக்கு வந்தார்கள். நனைந்து வந்ததில் அவளுக்கு இருமல் விடவில்லை. மேசையில் சீனியரின் பிளாஸ்க் இருந்தது. அதைத் தள்ளி, சுடுதண்ணீர் குடியுங்கோ என்றேன். அவள் கோப்பையில் பாதிக்கு ஊற்றினாள். ஆவி பறந்தது. மூலையில் நாங்கள் கைகழுவ வைத்திருந்த மண்கூசா இருந்தது. எழுந்துபோய் அதைச் சரித்து மிச்சப் பாதியை நிரப்பினாள். விரலை விட்டுப் பார்த்தாள், பதம் சரி. மடமடவென்று குடித்தாள்.

நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தானா குடித்தீர்கள் என்று கேட்டேன். எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. கொதிக்கக் கொதிக்க எப்படிக் குடிக்கிறது, கொஞ்சம் ஆத்தித்தான் குடிக்கவேணும் என்றாள். எதை விட்டு ஆத்தினீர்கள்? கட்டிலுக்குப் பின்னாலேயே குழாய் இருந்தது என்றாள், அது என்ன கேள்வி என்பதுபோல. நீங்கள் சிரிக்கவேண்டாம். உங்கள் வீடுகளில் எத்தனை பேர் இன்றைக்குக் காலையில் அதைச் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டில்காரி கொதித்தாறின தண்ணீர் விட்டு ஆத்தியிருக்கிறாள், அவளுக்கு வீட்டிலிருந்து போத்தல் வந்தது. தெய்வானைக்குக் குழாய்தான் போத்தல். அவள் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது சுடுதண்ணீர்.

வழக்கு கையில் கிடைத்துவிட்டது. சந்தோசப்பட்டேனா? ஒரு நிமிசம் பட்டிருப்பேன். அதுவரை எனக்கு இருந்தது சந்தேகம். இப்போது கிட்டத்தட்ட நிச்சயம். அந்த வார்ட்டில் இந்த நேரமும் பிள்ளை பெத்த பெண்கள் படுத்திருக்கிறார்கள், பிளாஸ்க்கைத் திறக்கிறார்கள், பின்னால் கையை நீட்டிக் குழாயைத் திறக்கிறார்கள்.

உள்ளறைக்குப் போய்ச் சீனியரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை, வாற கிழமை ஆள் வந்திடும். அதுவரைக்கும் பொறு. தண்ணியைப் பிடிக்காமல் போய்ச் சொன்னால் வழக்கும் போகும், பிறகு அந்தக் கிணத்தை ஒருத்தரும் மாத்தவும் மாட்டினம்," என்றார். கல்நெஞ்சுக்காரர் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வழக்கில் வென்றால்தான் பத்து ஆஸ்பத்திரிகள் திருந்தும் என்பது அவருடைய கணக்கு. என் கணக்கு அந்த வார்ட்டில் இந்த நேரம் படுத்திருக்கிறவர்கள். இரண்டு பக்கமும் சரியாக இருக்கும்போதுதான் மனிசர் திண்டாடுவது.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. நானும் அவரும் நின்று பங்குபோடுகிற இந்த வழக்கு எங்களுடையதே இல்லை. அது அந்த நுனிக்கதிரையில் இருக்கிறவளுடையது. அவளைக் கேட்கவேண்டும். கேட்பதென்றால் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தவேண்டும், கோப்பை உட்பட. ஐயோ, அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்ததைப்போல ஒரு கடினமான காரியத்தை நான் எந்த நீதிமன்றத்திலும் செய்ததில்லை.

சொன்னேன். மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கையாலதான் கலந்தேனாம்மா?"

கையில் பிழை இல்லை, குழாயில்தான் பிழை என்று சட்டம் சொல்வதைச் சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை. காளிமுத்து எழுந்து போய் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குழாய் இன்னும் அங்கேதானே இருக்கிறது என்று அவள் கேட்டாள். ஓம் என்றேன். இப்போது போய்ச் சொன்னால் தண்ணீரைப் பரிசோதிக்க முடியாமல் போகும், வழக்குத் தோற்கவும் கூடும், நீங்கள் கேட்ட சொல்லை யாரும் சொல்லாமலே போகலாம் என்றும் சொன்னேன். காளிமுத்து திரும்பி, ஒரு கிழமைதானே, பொறுத்துப் பார்ப்போமே என்றார். பாவம், அவருக்கும் தன் மனைவியின் பெயரை மீட்கவேண்டும்.

"ஒரு கெழமையில எத்தனை கோப்பை குடிப்பாங்க?" என்று தெய்வானை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "போய்ச் சொல்லிருங்கம்மா," என்றாள்.

அன்றைக்கே பஸ் எடுத்தேன். வழியில் இராணுவச் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். மழைக்குள் வரிசையில் நின்று என் பையைக் கொட்டிக் காட்டியபோதெல்லாம் என் நினைப்பு அந்தக் கோப்பைகளில்தான் இருந்தது. தெய்வானைக்கு வைத்தியம் பார்த்த அந்த டொக்டர் இளம் ஆள், யாழ்ப்பாணத்துக்காரர், அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒருத்தர். கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்திருந்தது. நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விசயத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்கள் இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்கு நல்ல வழக்கு," என்றார்.

தெரியும் என்றேன். வேறொன்றும் கேட்காமல் எழுந்து வார்ட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குழாய்த் திருகைக் கம்பியால் இறுக்கிக் கட்டச்சொன்னார், கட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் பஸ்ஸுக்குத் திரும்பும்போது கிணற்றடியில் இறைப்பு யந்திரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை யாழ்ப்பாணத்து ஆள் சொன்னபடி வந்து தண்ணீர் பிடித்தார். பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம். சீனியர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருந்தும் வழக்கைப் போட்டோம். தவணைக்கு மேல் தவணை, ஒத்திப்போட்டுக்கொண்டே போனார்கள். இடையில் எண்பத்திமூன்று இனக்கலவரம் வந்து நாட்டையே புரட்டிப் போட்டது. நீதிமன்றம் திறந்திருக்குமா, பஸ் ஓடுமா, சாட்சி உயிரோடு வந்து சேருமா என்பது ஒவ்வொரு தவணைக்கும் கேள்விதான். காளிமுத்துவும் தெய்வானையும் ஒரு தவணையும் தவறவில்லை. முதல்நாளே நடந்து வந்து, கோயில் மடத்தில் படுத்திருந்துவிட்டு வருவார்கள்.

விசாரணையில் தெய்வானை கூண்டில் ஏறினாள். அரச சட்டத்தரணி கெட்டிக்காரர், குரல் உயர்த்தாமல் கேட்டார்: கொடுத்தது நல்ல சுடுதண்ணீர்; அதில் பச்சைத்தண்ணீரைக் கலந்தது யார்? "நான்தாங்க," என்றாள். மழுப்பாதே என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு மழுப்பத் தெரியாது. அந்தத் தண்ணீரில் ஒரு கிருமியும் இருக்கவில்லை என்று பரிசோதனை சொல்கிறது என்றும் அவர் எடுத்துக் காட்டினார், அதுவும் நான் பிடிப்பித்த தண்ணீர், நாங்களே மறைக்காமல் கொடுத்த அறிக்கை.

பிறகு அரசின் சாட்சியாக டொக்டர் வந்தார். அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப்போயிருந்தார். வருவாரோ என்றும் பயந்தேன், வராமல் விட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். வைத்தியம் பற்றியெல்லாம் முறையாகச் சொன்னார். என் முறை வந்தது. குழாயைக் கம்பியால் கட்டச் சொன்னது யார் என்று கேட்டேன். நான்தான் என்றார்.

அங்கே நான் உட்கார்ந்திருக்கவேண்டும். குறுக்கு விசாரணையில் பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே, அதிலும் 'ஏன்' என்று கேட்கவே கேட்காதே என்று எனக்கும் படிப்பித்தார்கள், உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள். நல்ல விதி. வழக்கமாகச் சுத்தம் செய்வதற்காக என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். சீனியர் பின்னால் இருந்து என் கோட்டுத் தொங்கலைப் பிடித்து இழுத்தார். ஆனால் அந்த மனிதர் அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து நடந்தது என் கண்ணுக்குள் நின்றது. தண்ணீர் பிழை என்று நம்பாத ஆள், ஆதாரம் எங்கே என்றல்லவா முதலில் கேட்டிருப்பார்? துணிந்தேன்.

"ஏன் கட்டச் சொன்னனீங்கள், டொக்டர்?"

அவர் அரச சட்டத்தரணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பின்வாங்கில் நுனியில் இருந்த தெய்வானையைத்தான் பார்த்தார்.

"அந்தத் தண்ணியை நாங்கள் ஒருத்தரும் குடிக்கிறேல்லை," என்றார். "எங்கட குவாட்டர்சுக்கு வேற கிணறு. நான் அங்க வரேக்கையே அப்பிடித்தான். நேர்ஸ்மார், வேலையாக்கள், எல்லாருக்கும் தெரியும். கிணத்தை மாத்தித் தரச்சொல்லி நானும் கேட்டுப் பாத்தனான்."

தண்ணீரைப் பரிசோதிக்கிற எந்த யந்திரமும் அதைவிட நல்ல சாட்சி சொல்லியிருக்காது. இப்படியான வழக்கில் எது கூடுதலாக நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும், அவர் காட்டிவிட்டார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அரசு மேன்முறையீடு செய்தது. அது முடிவதற்குள் போரில் பாதைகள் அடைபட்டுவிட்டன, அந்தக் குடியேற்றமும் அந்த இடத்தில் இல்லாமல் போய்விட்டது. அவர்களை நான் பிறகு காணவில்லை. ஆகவே அந்தத் தீர்ப்பால் அவளுக்கு என்ன கிடைத்தது என்று என்னைக் கேட்டால், கையில் ஒன்றும் இல்லை.

நோயாளியின் உரிமை என்றால் என்ன என்று பரீட்சையில் உங்களைக் கேட்பார்கள், நீங்களும் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். எழுதுங்கள், நான் மறிக்கவில்லை. எழுதும்போது டொக்டர் சாட்சி சொல்லி முடித்த அந்த மத்தியானத்தையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். தெய்வானை நீதிமன்றப் படியில் இறங்கிவந்து, காளிமுத்துவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஜெயிச்சிடுவோமா என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அவுங்க யாருமே குடிக்கலையாம்," என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேம்மா. அதுபாட்டுக்கு ஆறட்டும்னு வச்சிருப்பேனே."